இரண்டாம் முறை ஏற்றிய திரி

"நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு ரெங்கா. ரெண்டாவது தடவ ஏத்துனியா—"

"ஏத்தாமலா மல்லி தூக்கலா இருக்கு, தாழம்பூ உள்ள அமுங்கிப் போச்சுன்னு உனக்கு போன்ல—"

"வாசனைய இப்ப யாரு கேட்டா? நான் திரியப்—"

"—போன்ல சொன்னேன், நீயும் சரி சரின்னு கேட்டுக்கிட்டு—"

"—திரியப் பத்திப் பேசுறேன்டி! திரி! ஒரு தடவ ஏத்தி, அணைச்சு, மறுநாள் திரும்பவும் ஏத்திப் பாத்தியா இல்லையா?"

"மெள்ளப் பேசு. அவரு தூங்குறாரு."

அந்த வீட்டில் எந்தப் பேச்சையும் அப்படியே நிறுத்திவிடக்கூடிய வார்த்தை அது. ரெங்கநாயகியின் கணவர் அழகிரிக்கு இருதய ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, பால்காரர் முதல் மாடி வீட்டுப் பிள்ளைகள் வரை அந்த ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். ரெங்கநாயகி அதைச் சமயம் பார்த்துத்தான் சொன்னாள். லூர்துராணி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் விடுகிற மாதிரி இல்லை. கையிலிருந்த மஞ்சள் பையைத் திறந்து இரண்டு கண்ணாடி ஜாடிகளை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். இரண்டிலும் நடுவில் கிணறு வெட்டியதுபோல ஒரு குழி. சுற்றிலும் வெள்ளை மெழுகு சுவராக நின்றது. குழிக்குள் கருகிய திரி, இறுகிப்போன மெழுகில் முங்கிக் கிடந்தது.

"ஸ்ரீவித்யா திருப்பி அனுப்பிட்டா."

ஸ்ரீவித்யா தில்லைநகரில் பரிசுப்பொருள் கடை வைத்திருப்பவள். இவர்கள் இருவரும் சேர்ந்து செய்கிற சோயா மெழுகுவர்த்திகளை முதன்முதலாக நம்பித் தன் கடை அலமாரியில் அடுக்கியவளும் அவள்தான்.

"மொத நாள் ஜோரா எரியுதாம். மறுநாள் ஏத்துனா கொஞ்ச நேரத்துல மூச்சு முட்டிச் செத்துப்—"

"அப்படிச் சொல்லாத."

"எப்படி?"

"மூச்சு, அது இதுன்னு. அணைஞ்சு போகுதுன்னு சொல்லேன், போதாதா?"

லூர்துராணி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சரி. அணைஞ்சு போகுதாம். நல்ல திரியா மாத்திக் குடுங்க ஆன்ட்டி, இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்னு மரியாதையாத்தான் சொன்னா. மரியாதையாச் சொன்னதுதான் எனக்கு வலிக்குது."

இருவரும் டெலிபோன் ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். ரிட்டயரான பிறகு, சும்மா இருந்தால் கை கால் மரத்துவிடும் என்று லூர்துராணிதான் இதை ஆரம்பித்தாள். காட்டூரில் அவள் வீட்டுச் சமையலறையில் மெழுகு உருகும். சூடு பார்த்து வாசனை எண்ணெயைக் கலந்து, திரியை நிறுத்தி ஊற்றுவது அவள் வேலை. ஊற்றி இரண்டு வாரம் அப்படியே ஊற விடுவார்கள். சோயா மெழுகு ஊறுகாய் ஜாதி. ஊறினால்தான் வாசனை பிடிக்கும். பிறகு ஜாடிகள் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கே ஒண்ணாம் நம்பர் பஸ் மாறி, ஸ்ரீரங்கத்தில் ரெங்கநாயகி வீட்டுக்கு வரும். ஏற்றிப் பார்த்து, மோந்து பார்த்து, தேறியது தேறாதது சொல்வது அவள் பொறுப்பு. அவள் மூக்குக்கு ஆபீஸிலேயே பேர் உண்டு. மாடியில் யாராவது டிபன் டப்பாவைத் திறந்தால், கீழே இருந்தபடியே சாம்பாரில் கிடப்பது முருங்கைக்காயா முள்ளங்கியா என்று சொல்லிவிடுவாள்.

லூர்துராணி எழுந்து ஜன்னலோரத்து அலமாரிக்குப் போனாள். சோதித்து முடித்த ஜாடிகள் அங்கே வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடுத்ததை எடுத்தாள். எல்லாம் கழுவிக் கவிழ்த்தது போல் சுத்தமாக இருந்தன. அடியில் திரியைப் பிடித்திருந்த தகரத் தட்டு மட்டும் மினுங்கியது.

"ரெங்கா. ஒரு ஜாடி கூட பாதியில நிக்கலியே?"

"நல்லா எரிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?"

"ஒரே மூச்சுல— சரி, ஒரே தடவையில அடிவரைக்கும் எரிஞ்சிருக்குன்னு அர்த்தம். பொழுதுக்கும் எரிய விட்டா கண்ணாடி சூடேறி எந்த நோஞ்சான் திரியும் மெழுகை உருக்கிப்புடும். எவ வீட்டுல அப்படி எரிய விடுறாங்க? ஆளு வந்தா ஏத்துவாங்க, ஆளு போனா ஊதிருவாங்க. மறுபடி ஏத்துறப்ப நிக்குதான்னு பாக்கத்தானே டெஸ்ட்டு?"

"எங்க வீட்டுல விளக்கை ஊத மாட்டோம்."

"விளக்கை ஊதாத. நான் மெழுகுவத்தியச் சொல்றேன்."

"எரியுறதெல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப கேஸ் அடுப்பு?"

"அது திருகு. அது வேற."

"உன் பர்த்டேக்கு ஆபீஸ்ல கேக் மேல வச்சதைப் பூ பூன்னு ஊதுனியே, எச்சிலெல்லாம் தெறிச்சு—"

"அது அப்ப."

"இப்ப என்ன?"

ரெங்கநாயகி திரும்பினாள். சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு ஜாடியையும் ஏற்றும்போது, இன்று பாதியில் நிறுத்திவிட வேண்டும் என்றுதான் ஏற்றுவாள். நேரம் வரும். கை நீளும். பக்கத்துக் கட்டிலில் அவர் மார்பு ஏறி இறங்குவது கண்ணில் படும். கை தன்னால் மடிக்குத் திரும்பிவிடும்.

"நீதான் காரணம்" என்றாள் கடைசியில்.

"நானா? நல்லா இருக்கே கதை!"

"ஆபரேஷன் அன்னிக்கு. அவரை உள்ள கொண்டு போயிட்டாங்க. நான் ஆஸ்பத்திரி வராந்தால உக்காந்திருக்கேன். நீ போன் பண்ணுன. மாதா கோயில் வாசல்ல சிலை வச்சிருக்குற கெபியில நம்ம மெழுகுவத்தி ஒண்ணு ஏத்தி வச்சிருக்கேன், அது எரியுது, அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன. நான் அப்பப்ப உன்னையக் கூப்புட்டு எரியுதா, எரியுதான்னு கேட்டேன். எரியுதுடி, எரியுதுடின்னு நீ சொல்லிக்கிட்டே இருந்த. டாக்டர் வெளிய வந்து கண்ணு முழிச்சிட்டாருன்னு சொல்றப்பவும் எரியுதுன்னுதான் சொன்ன."

"ஆமா, சொன்னேன்."

"அன்னியிலேருந்து என்னால எதையும் அணைக்க முடியல லூர்து. சாமி விளக்கைக்கூட முன்னெல்லாம் பூவால திரிய எண்ணெய்க்குள்ள தள்ளி மலையேத்திட்டு வந்துருவேன். இப்ப அளவா எண்ணெய் ஊத்தி, அதுவா அடங்குற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். இதுல, அவரு படுத்திருக்குற ரூம்ல, நல்லா நின்னு எரியுறதை என் கையால எப்படி அணைக்கிறது? நீயே சொல்லு."

அந்த ரூமில் வைத்துத்தான் ஆகவேண்டியிருந்தது. மற்ற அறைகளில் காவிரிக் காற்று எந்தச் சுடரையும் நிமிர விடாது. ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்துகிற அழகிரியின் அறை ஒன்றில்தான் சுடர் அசையாமல் நிற்கும், வாசனையும் கலையாமல் நிற்கும்.

லூர்துராணி மேசையிலிருந்த ஜாடியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

"இதை ஏன்டி மொதல்லயே சொல்லல? சரி விடு. இனிமே டெஸ்ட்டை நான் காட்டூர்லயே பாத்துக்கிறேன்."

இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று ரெங்கநாயகி நினைத்திருந்தாள். கேட்டதும் மேசையிலிருந்த இன்னொரு ஜாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"உன் வீட்டுலயா? கீழ உன் தம்பி மீன் வறுத்து விக்கிறான். நீ மல்லி ஏத்துனாலும் வஞ்சிரம்தான் மணக்கும்."

"சன்னலைச் சாத்திக்கிறேன்."

"மூக்கை என்ன பண்ணுவ? சாம்பிராணிக்கும் சந்தனத்துக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு."

"தெரியாதுதான். அதுக்காக உன் உசுர வாங்கச் சொல்றியா?"

அறைக் கதவு திறந்தது. அழகிரி வந்து நின்றார். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னத் தலையணையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். இருமல் வந்தால் தையல் நோகாமல் இருக்க அது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வருஷம் சம்மட்டிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய குரல், இப்போது பக்கத்து அறைக்கு எட்டினால் பெரிய காரியம்.

"யாரு உசுரை யாரு வாங்குறது?"

"ஏன் எந்திரிச்சு வந்தீங்க? கூப்பிட்டா வர மாட்டேனா?" ரெங்கநாயகி ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ரெண்டு பேரும் மெள்ளப் பேசுறதாச் சொல்லிக்கிட்டுப் பேசுனதெல்லாம் கேட்டுச்சு. வாங்க லூர்தம்மா. அப்ப இத்தனை நாளும் என்னைய வச்சுத்தான் திரி டெஸ்ட்டு நடந்திருக்கா? நான் என்ன மனுஷனா, குத்துவிளக்கா?"

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?"

"ஒண்ணு பண்ணு. ஒண்ணை ஏத்திக் கொண்டா. நானே ஊதி அணைச்சுடுறேன். பிரச்சினை தீந்துச்சு."

"உங்க வாயாலயா? ஐயோ, பெருமாளே!" ரெங்கநாயகி காதைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப லூர்தம்மா அணைக்கட்டும்."

"யாரு அணைச்சாலும் அணைச்சதுதான். அதான் காட்டூருக்கே கொண்டு போகட்டும்னு..." அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. "அங்கயே நடக்கட்டும்."

அழகிரி நாற்காலியில் உட்கார்ந்தார். தலையணையின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தார். பிறகு ரெங்கநாயகியைப் பார்க்காமல் லூர்துராணியிடம் சொன்னார்:

"அங்க கொண்டு போயிடாதீங்கம்மா. தூங்கி முழிச்சா எனக்கு இன்னமும் ஆஸ்பத்திரி வாடைதான் மூக்குல நிக்குது. அந்த டெட்டால் வாடை. எங்க படுத்திருக்கோம்னே ஒரு நிமிஷம் வெளங்காது. இவ ஏத்தி வச்ச வாசனை வந்தாத்தான் வீட்டுல இருக்கோம்னு தெரியுது."

இதை அவர் மனைவியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ரெங்கநாயகி முந்தானையை எடுத்து மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

லூர்துராணி கையிலிருந்த ஜாடியைக் கீழே வைத்தாள். "அண்ணே, நீங்களும் இருக்கீங்க. இப்பவே சொல்லிடுறேன். ரெங்கா, நீ என்னைய அடிச்சாலும் சரி."

"என்ன?"

"அன்னிக்குக் கெபியில... அது அணைஞ்சுது."

"எது?"

"அண்ணனுக்கு ஏத்துனது. ஏத்துன கொஞ்ச நேரத்துலயே காத்துல போச்சு. திரும்ப ஏத்துனேன். குழியில மெழுகு தேங்கித் திரி முங்கிப் போச்சு. ஊசியால மெழுகை வழிச்சு எடுத்துட்டு மறுபடியும் ஏத்துனேன். திரும்பவும் போச்சு. தீப்பெட்டி காலி. பக்கத்துல செபம் சொல்லிக்கிட்டிருந்த கிழவிகிட்ட நெருப்பு வாங்கி ஏத்துனேன். நீ ஒவ்வொரு தடவை கூப்புடுறப்பவும் எரியத்தான் எரிஞ்சுது. நடுவுல நடந்ததை நான் சொல்லல."

"பொய் சொன்னியா?"

"எரியுதுன்னு சொன்னேன். எரிஞ்சுது."

"லூர்து!"

"நீ அங்க தனியா வராந்தால உக்காந்திருக்க. இது அணைஞ்சு போச்சுடின்னு உங்கிட்டச் சொல்லச் சொல்றியா? மாதாவே, உன் காத்தைக் கொஞ்சம் நிறுத்துன்னு சண்டை போட்டுக்கிட்டு நிக்கிறேன் நான்."

அழகிரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுக்கும் என்று தலையணையை இறுக்கிக்கொண்டு சிரித்தார். "அப்ப நான் உள்ள நெஞ்சைத் தொறந்துக்கிட்டுப் படுத்திருக்கேன், இங்க நம்ம மெழுகுவத்தி மூணு தடவ மண்டையப் போட்டுருச்சு! ஏம்மா, திரி சரியில்லன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு, அப்புறமும் அதே திரியப் போட்டா கடைக்குக் குடுத்தீங்க?"

"காத்துன்னு நெனச்சுட்டேன்ண்ணே. இன்னிக்கு இந்த ஜாடிங்களைப் பாக்குறப்பத்தான் பொட்டுல அடிச்சாப்புல தெரியுது. காத்து ஒரு தடவைதான். மத்ததெல்லாம் திரி."

ரெங்கநாயகி சிரிக்கவில்லை. நாற்காலியின் பின்னால் வந்து நின்று, அழகிரியின் தோளில் ஒரு விரலை வைத்தாள். உடம்பு சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோலத்தான் வைத்தாள். சட்டைக்குள் தோள் எலும்பு கைக்கு அகப்பட்டது. கதகதப்பாக இருந்தது. அன்றைக்கு இந்த உடம்பு அங்கே கிடக்க, கெபியில் சுடர் இல்லாமல் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் போயிருக்கிறது. இவள் எரிகிறது எரிகிறது என்று நம்பி, காப்பிக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது நினைத்தால்தான் பயமாக இருந்தது.

"பாத்தியா?" என்றாள் லூர்துராணி மெதுவாக. "அணைஞ்சுது. அண்ணன் இங்க உக்காந்து என்னைய வையிறாரு."

"அன்னிக்குக் காத்து அணைச்சுது" என்றாள் ரெங்கநாயகி. "திரி அணைச்சுது. நான் அணைக்கலையே."

லூர்துராணி மஞ்சள் பையை மடித்து இடுக்கிக்கொண்டு எழுந்தாள். "ரெண்டு நம்பர் தடிமனாத் திரி போட்டு ஊத்திக் கொண்டாறேன். எண்ணெயையும் கொறைக்கிறேன், வாசனை அதிகமானாலும் திரி அடைக்குமாம். நீ பாரு. முடியலன்னா முடியலன்னு சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா பாத்துட்டேன்னு மட்டும் சொல்லாத. எனக்கும் உனக்கும் போதும், ஆளுக்கொரு பொய்."

மெழுகு ஊறுகிற இரண்டு வாரத்தில் அழகிரி நிலையைப் பிடிக்காமல் வாசல்வரை நடக்கப் பழகினார். தலையணை கட்டிலோடு நின்றுவிட்டது. சாத்தார வீதிப் பூக்கடைக்கு ரெங்கநாயகி ஒரு தடவை அவரை விட்டுவிட்டுப் போய் வந்தாள். வரும் வழியெல்லாம் செருப்பு தேய நடந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அவர் மூச்சைத்தான் பார்த்தாள். டி.வி.யில் கிரிக்கெட் பார்த்தபடி அவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

புது ஜாடி வந்தது. வெட்டிவேர், கொஞ்சம் மரிக்கொழுந்து. முதல் நாள் ஏற்றிவிட்டு அவள் தவித்த தவிப்பைப் பார்த்து, லூர்துராணி தானே அழகிரியை வாசலுக்கு நடத்திப் போய் உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே வந்தாள். அவர் திரும்பி வருவதற்குள் சுடர் இல்லை. யார் அணைத்தது என்று ரெங்கநாயகி கேட்கவில்லை. லூர்துராணியும் சொல்லவில்லை. மெழுகு இறுகி, பால் ஏடு போல் வழவழவென்று சமமாக நின்றது. கிணறு விழவில்லை.

மறுநாள் லூர்துராணி வரவில்லை. அவள் வேண்டுமென்றேதான் வரவில்லை என்பது ரெங்கநாயகிக்குத் தெரியும்.

மத்தியானம், அழகிரி ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்த பிறகு, கருகின நுனியைக் கிள்ளிவிட்டுத் திரியை இரண்டாம் முறையாக ஏற்றினாள். சுடர் முதலில் சுருங்கியது. குனிந்து பார்த்தால் இப்பவோ அப்பவோ என்றிருந்தது. ரெங்கநாயகி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். பிறகு அது மெல்ல நிமிர்ந்து, தடித்து, ஆடாமல் நின்றது. முங்கவில்லை. மெழுகு கண்ணாடிபோல் தெளிந்து, வட்டமாக விரியத் தொடங்கியது.

"வெட்டிவேர்தானே?" என்றார் அழகிரி கண்ணைத் திறக்காமல்.

"கூட ஒண்ணு இருக்கு. சொல்லுங்க பாப்போம்."

"உன் தலையில வச்சிருக்கியே, அது."

"மரிக்கொழுந்து. தலையில இல்ல, ஜாடியில."

"எங்க இருந்தா என்ன" என்று முணுமுணுத்துக்கொண்டே தூங்கிப் போனார்.

வாசனை அறை முழுக்க நிரம்பியபோது போன் மணி அடித்தது. ரெங்கநாயகி பதறி எடுத்தாள்.

"நிக்குதா?" என்றாள் லூர்துராணி.

"ஜம்முனு நிக்குது."

"மெழுகு ஓரம் தொட்டுச்சா?"

"தொடப் போகுது."

"தொட்டதும் அணைக்கணும். அப்பத்தான் நாளைக்கு மூணாவது தடவ பாக்க முடியும்."

"தெரியும்."

"ஊதச் சொல்லல. உங்க சாமி விளக்குக்குப் பண்ணுவியே, அதே மாதிரி குச்சியால திரிய மெழுகுக்குள்ள ஒரு அமுக்கு அமுக்கி, உடனே நிமித்திவிட்டுடு. புகை வராது, வாசனையும் கெடாது. திரியும் மெழுகு குடிச்சுக்கிட்டு அடுத்த தடவைக்குத் தயாரா நிக்கும்."

"ம்."

"ரெங்கா? முடியலன்னா—"

"வையி போனை. அவரு தூங்குறாரு."

மெழுகு விளிம்பைத் தொட்டது. சுற்றிலும் ஒரு பிசிறில்லை. ஸ்ரீவித்யாவின் கடையில் இருப்பவர்கள் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அப்படியே விட்டுவிட்டால், பொழுது சாய்ந்து அதுவாக அடங்கிவிடும். அணைத்தேன், ஏற்றினேன், நின்றது என்று சொல்லிவிடலாம். லூர்துராணி நம்புவாள். நம்பி நூறு ஜாடி ஊற்றுவாள்.

ரெங்கநாயகி பூஜை அலமாரியிலிருந்து எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சி ஒன்றை எடுத்து வந்தாள். கட்டிலுக்கும் ஜாடிக்கும் நடுவில் முக்காலியைப் போட்டு, இரண்டும் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்தாள். அழகிரி மல்லாந்து படுத்திருந்தார். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. தையல் தழும்பு இளஞ்சிவப்பாக ஆறி வந்திருந்தது. அதன் மேல் வாசனை நிறைந்த அறைக் காற்று போய் வந்துகொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்து, தொண்டையில் ஒரு குறட்டை ஏறி, நின்று, மறுபடி ஏறியது. நின்ற இடத்தில் அவள் மூச்சும் நின்றது. ஏறியதும் அவளுக்கும் மூச்சு வந்தது.

இடக்கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலக்கையில் குச்சி. குச்சியின் நுனி சுடர்வரை போய் நின்றது. அனல் விரலில் பட்டது. அவள் அவர் பக்கம் குனிந்தாள். எழுப்புகிற குரல் இல்லை. இத்தனை வருஷமும் கடைக்குப் போகும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவாளே, அந்தக் குரல்.

"ஏங்க, நான் இதை அணைக்கப் போறேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."